முப்பத்தோரு வருஷப் பாட்டும் கொச்சி யூதர்களும்

புன்னைவிளை,
1932 செப்டம்பர் 17, சனிக்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் ஞானதாசன் அவர்களுக்கு, அத்தான் யேசுரத்தினம் சமாதானம் கூறி எழுதுவது. இங்கே நான், உம் அக்காள் ராஜபாய், எங்கள் வீட்டில் தங்கிப் பள்ளிக்கூடம் போகும் உம் மகள் முத்துக்கனி ஆகிய மூவரும் தேவகிருபையால் சுகம். பசு கிடாரிக்கன்று போட்டிருக்கிறது. அங்கே நீரும், உம் மனைவியும், சின்னவனும், உமக்கு வேலை தந்திருக்கிற எலியாகு முதலாளியும், அவருடைய மிளகுக் கிட்டங்கியும் க்ஷேமமாயிருக்கும்படி தினமும் குடும்ப ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். இரண்டு மாதமாக அந்த ஜெபத்தில் உம் பெயர் வரும் இடத்தை மட்டும் நான் கொஞ்சம் வேகமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். அதற்கான காரணத்தைத்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீர் சாப்பிட்டுவிட்டு நிதானமாக வாசியும்.

நம் சபையில் பாட்டு நடக்கிற முறை உமக்குத் தெரியும். ஆனாலும் கொச்சிக்குப் போய் ஒன்பது வருஷம் ஆனவருக்கு எல்லாம் ஓர்மை இருக்கும் என்று நம்ப முடியாததால் சொல்லிவிடுகிறேன். நான் முன்னால் எழுந்து நின்று முதல் அடியை ராகத்தோடு எடுத்துக்கொடுப்பேன். சபை அதை அப்படியே திருப்பிப் பாடும். பிறகு இரண்டாம் அடியை எடுத்துக்கொடுப்பேன். அதையும் திருப்பிப் பாடும். நூறு பேரில் நாலு பேருக்குக்கூட எழுத்து வாசிக்கத் தெரியாத காலத்தில் ஏற்படுத்தின முறை இது. அந்தப் பொறுப்பு 1901-இல் என் கைக்கு வந்தது. அன்றுமுதல் இன்றுவரை, பேதி பரவி ஆராதனையே நின்றுபோன அந்த ஒரு மாதம் தவிர, ஒரு ஞாயிறு தவறாமல் எடுத்துக்கொடுத்திருக்கிறேன். நான் என்ன கொடுத்தேனோ அதைத்தான் சபை பாடியது. ஓர் எழுத்தைக்கூட யாரும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இப்படி ஒரு கீழ்ப்படிதல் திவான் பகதூருக்குக் கூடக் கிடைத்திராது. இரண்டு மூன்று வருஷமாக எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது உண்மைதான். ஆனால் பாடுகிறவனுக்கு வேண்டியது வாய். காது வேண்டியது கேட்கிறவர்களுக்கு. இதை நான் யாரிடம் சொன்னாலும் அவர்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்களே தவிர மறுத்துப் பேசுவதில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் ஜூன் மாதம் உம் கடிதம் வந்து விழுந்தது. முதலாளி கூப்பிட்டார் என்று ஒரு சனிக்கிழமை யூதர்களான அவர்களுடைய ஜெப ஆலயத்துக்குப் போய் வாசற்பக்கம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்ததாக இரண்டு பக்கம் நிறைய எழுதியிருந்தீர். அது வந்த நேரத்தைப் பாரும். இங்கே வாலிபர் சங்கத்தார், மாதத்தில் ஒரு ஞாயிறு பாட்டை எங்கள் பொறுப்பில் விடுங்கள், ஆர்மோனியப் பெட்டியையும் ஆராதனை முழுக்க வாசிக்க விடுங்கள் என்று சபைக் கமிட்டிக்கு விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். உம் கடிதத்தின் முதல் பக்கத்தை வாசித்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. யூதர்கள் ஓய்வுநாளில் வாத்தியத்தைத் தொடுவதே இல்லை, எல்லாம் வாயால் பாடுவதுதான், ராகங்கள் முப்பாட்டன் காலத்தவை, அவற்றை மாற்ற யாருக்கும் துணிச்சல் வராது என்று நீர் எழுதியிருந்தீர். ஆபிரகாமின் சந்ததியே என் கட்சியில் இருக்கிறது என்று நினைத்து, கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கமிட்டிக்குப் போனேன். எழுந்து நின்று, பிரசங்கபீடத்தில் வேதம் வாசிக்கிற குரலில் முதல் பக்கத்தை வாசித்தேன். ஆர்மோனியம் செத்தது என்று உட்கார்ந்தேன். அப்போது நம் சபைப் போதகரான ஐயர், அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் தாருங்கள் என்று கேட்டார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று எண்ணிப் பெருமையோடு நீட்டினேன். மனிதர் வாங்கினவுடன் காகிதத்தைத் திருப்பிவிட்டார்.

இரண்டாம் பக்கத்தை நான் கமிட்டியில் வாசிக்கவில்லை. வீட்டில் மூன்று தரம் வாசித்திருந்தேன், அதனால்தான் வாசிக்கவில்லை. அதில் நீர் எழுதியிருந்ததை உமக்கே திருப்பிச் சொல்கிறேன், நன்றாக அனுபவியும். அங்கே ரபீ என்று தனியாகக் குரு ஒருவரும் இல்லை, சம்பளத்துக்குப் பாடுகிறவரும் இல்லை, முறை தெரிந்தவர் யாராயிருந்தாலும் தாமாக முன்வந்து நடத்தலாம் என்றீர். ஒரு நாள் மிளகு வியாபாரி, ஒரு நாள் புத்தகம் கட்டுகிறவர் என்றீர். முதலாளியின் அக்காள் மகன், பதினொரு வயதுப் பையன், முக்காலியின்மேல் ஏறி நின்று தீர்க்கதரிசனப் பகுதியை ராகத்தோடு வாசித்தான், ஓரிடத்தில் தவறினபோது நாலு பக்கத்திலிருந்தும் பெரியவர்கள் சத்தமாகத் திருத்தினார்கள், அவன் கொஞ்சமும் முகம் வாடாமல் சரியாகச் சொல்லிவிட்டு மேலே போனான் என்றீர். அவர்கள் வீட்டுப் பெண்கள் கையெழுத்து நோட்டுகளைப் பிரித்துவைத்துக்கொண்டு மலையாளத்தில் ஆண்கள் கேட்கவே பாடுகிறார்கள் என்றீர். பத்து ஆண்கள் கூடாமல் சபையாய் ஜெபிக்கத் தொடங்குவதில்லை என்றும், பதின்மூன்று வயது நிறைந்துவிட்டால் பையனும் ஆண்களோடு எண்ணப்படுவான் என்றும்கூட விடாமல் எழுதியிருந்தீர். கிட்டங்கியில் உமக்கு வேலை குறைவு என்று தெரிகிறது.

ஐயர் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார்: சங்கீதங்கள் தாவீதின் ஜனங்களுக்குச் சொந்தம், நாம் இரவல் வாங்கிப் பாடுகிறவர்கள், சொந்தக்காரர்களே பிள்ளைகளை முன்னால் நிறுத்தும்போது இரவல் வாங்கினவர்கள் மட்டும் வீறாப்புப் பேசுவது எப்படி என்றார். கமிட்டியில் அத்தனை தலையும் ஆடியது. ஆர்மோனியம் மாத்திரம் வேண்டாம் என்று முதல் பக்கத்தை வைத்து நான் மன்றாடினேன். அது வாத்தியாருடைய, அதாவது என், கட்சிக்குச் சாதகமான பக்கம், ஆகவே தள்ளுபடி என்று டீக்கன் சத்தியநேசன் சொன்னார். இவர் கயிற்றுக்கடை வைத்திருக்கிறவர், உமக்குத் தெரிந்தவர்தான். கடைசியில் ஜூலை முதல் மூன்று மாதம் பரீட்சையாக நடத்துவது, பெரியவர்களோ பிள்ளைகளோ விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுப்பது, அவரவர் முறை வரும் ஞாயிறு அவரவர் பாட்டு நடத்துவது என்று தீர்மானமாயிற்று. ஆண்கள் ஆராதனைக்கு நேரத்துக்கு வராமல் புன்னை மரத்தடியில் நின்று ஊர்க்கதை பேசுகிற வழக்கத்தையும் ஒழிக்கலாமே என்று, பத்து ஆண்கள் உள்ளே வந்தபிறகுதான் முதல் பாட்டு என்ற யூத ஒழுங்கையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்தத் தீர்மானத்தை வழிமொழிந்தது யார் என்று நினைக்கிறீர், நான்தான். உம்மிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. இரண்டு ஞாயிறு இவர்கள் பாடி நாறட்டும், மூன்றாம் ஞாயிறு கமிட்டி முழுவதும் என் வீட்டு வாசலில் வந்து நிற்கும், அப்போது இரண்டு தரம் மறுத்துவிட்டு மூன்றாம் தரம் ஒத்துக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். மறுக்கிற வார்த்தைகளைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

முதல் ஞாயிறு டீக்கன் சத்தியநேசன் முன்வந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து, எடுத்த எடுப்பிலேயே கூரை ஓட்டைத் தொடுகிற உயரத்தில் ஆரம்பித்தார். முதல் அடிக்கு அவ்வளவு உயரம் என்றால் மேலே போகிற மூன்றாம் அடிக்கு எங்கே போவார் என்று நான் பெஞ்சின் நுனிக்கு வந்து உட்கார்ந்து காத்திருந்தேன். மூன்றாம் அடியில் அவர் வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது. சத்தம் வரவில்லை. என் காதுக்குத்தான் வரவில்லையோ என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். சபை தானாக ஒரு படி இறங்கி எப்படியோ பாட்டை முடித்தது. டீக்கன் கண் மூடியிருந்தபடியால் பாட்டு முடிந்தது தெரியாமல் நாலாம் சரணத்தை இரண்டாம் முறை தொடங்கிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் இரண்டு தட்டு சாப்பிட்டேன். இவ்வளவு பசி எங்கே இருந்தது என்று உம் அக்காள் கேட்டாள். கர்த்தருடைய நீதி நிறைவேறுவதைக் கண்டால் பசி எடுக்கும் என்றேன்.

இரண்டாம் ஞாயிறு உபதேசியார் மகன் எலிசாவின் முறை. பையனுக்கு வயது பதின்மூன்று. அன்று நான் கொஞ்சம் கெட்ட புத்தி செய்தேன். கோயிலுக்கு நேரத்துக்குப் போனேன், ஆனால் உள்ளே போகவில்லை. எல்லா ஆண்களும் போனபின்னும் மரத்தடியில் தனியாக நின்றேன். வயல் வேலை நடக்கிற சமயமானதால் அன்று என்னைத் தவிர வந்ததே ஒன்பது ஆண்கள்தான். உள்ளே எண்பது பெண்கள் பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள், குழந்தைகள் அழுகின்றன, ஐயர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பாட்டுத் தொடங்க வழியில்லை. ஒரு ஆராதனை முழுவதும் நான் காலெடுத்து வைப்பதற்காகக் காத்து நிற்கிறது. மைத்துனரே, அந்தக் கால்மணி நேரம் எனக்குக் கிடைத்த ஆனந்தத்தை மன்னிக்கச் சொல்லி இப்போதும் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன். டீக்கன் வாசலுக்கு வந்து கூப்பிட்டார். செருப்பில் முள் குத்தியிருக்கிறது என்றேன். அவர் குனிந்து என் செருப்பைப் பார்க்கத் தொடங்கினார். அதற்குள் எலிசா ஐயரிடம் போய், கொச்சிக் கடிதத்தின்படி தனக்கு இந்த வைகாசியோடு பதின்மூன்று நிறைந்துவிட்டது, வாசலுக்குப் போன டீக்கனோடு தன்னையும் சேர்த்தால் பத்து என்று எண்ணிக் காட்டிவிட்டான். பாட்டுத் தொடங்கிவிட்டது. நான் மரத்தடியில், டீக்கன் என் காலடியில். பையனுக்குக் குரல் உடைகிற பருவம். முதல் சரணத்தைப் பெண்பிள்ளைக் குரலில் தொடங்கி, இரண்டாம் சரணத்தின் நடுவில் ஆண்பிள்ளையாகி, மறுபடி திரும்பிவிட்டானாம். ஆனால் அவன் சிரித்துக்கொண்டே பாடினதால் சபையும் சிரித்துக்கொண்டே பாடியிருக்கிறது. முப்பத்தோரு வருஷத்தில் என் பாட்டுக்கு யாரும் சிரித்ததில்லை என்பதை நீர் குறித்துக்கொள்ளவேண்டும்.

மூன்றாம் ஞாயிறுதான் என் தலையில் கல் விழுந்தது. அந்தக் கல்லை எறிந்தது உம் மகள். பெயர்ப் பட்டியலில் அவள் பெயரைக் கண்டபோதே, பெண்பிள்ளை, அதிலும் பதினைந்து வயசு, முன்னால் நிற்பதா என்று கேட்டேன். அவளோ, முன்னால் நிற்கவில்லை, அத்தையின் பக்கத்தில் பாயில் இருந்தபடியே பாடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். அப்படியே பாடினாள். பெண்கள் பக்கம் பார்க்காமல் முப்பது வருஷமாகக் கழுத்து வலித்த ஆண்களுக்கெல்லாம் அன்று பாட்டுக்காகத் திரும்புகிறோம் என்று ஒரு சாக்குக் கிடைத்தது. அடி அடியாக எடுத்துக்கொடுக்கிற வேலையே இல்லை. ஒரு சரணத்தை முழுசாகத் தொடங்குகிறாள், சபையும் கூடவே போகிறது. எழுத்துத் தெரியாத கிழவர் கிழவிகள் என்ன செய்வார்கள், அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருப்பார்களே, அதை வைத்துக் கமிட்டியில் பேசலாம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அத்தனை வாயும் அசைந்தது. பிறகுதான் தெரிந்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்து மாலை வேளைகளில் வீடு வீடாகப் போய், அவர்கள் நெல் புடைக்கும்போதும் ஓலை முடையும்போதும் பக்கத்தில் இருந்து வரிகளை மனப்பாடமாக்கியிருக்கிறாள். கருப்பட்டி வாங்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன நேரமெல்லாம் அதுதான். வீட்டில் கருப்பட்டி ஏன் தீர்வதே இல்லை என்று எனக்கு அப்போது விளங்கியது.

அன்று எனக்கு வயிறு எரிந்தது. அதை அழகான வார்த்தையில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவள் நன்றாகப் பாடினாள் என்பதற்காக எரியவில்லை. நான் இல்லாமலே முடிந்துவிட்டதே என்றுதான் எரிந்தது. அதற்கடுத்த ஞாயிறுகளில் வேறு பிள்ளைகளும் பெரியவர்களும் ஆளுக்கொரு முறை வந்தார்கள், ஆனால் யார் நடத்தினாலும் இக்கட்டான இடத்தில் எல்லோரும் முத்துக்கனியின் பக்கம்தான் திரும்பினார்கள். ஆகஸ்டில் மறுபடி அவள் முறை வந்தது. நான் மூன்றாம் பெஞ்சில் இருந்தேன். முதல் சரணத்தின் முதல் அடி முடிந்ததும் என்னை அறியாமல் எழுந்து இரண்டாம் அடியை உரக்க எடுத்துக்கொடுத்துவிட்டேன். பழக்கம் என்று எல்லோரிடமும் சொன்னேன். உம்மிடம் சொல்கிறேன், பழக்கம் பாதிதான். ஆண்கள் பாதி என்னோடும் பெண்கள் முழுவதும் அவளோடும் போக, பாட்டு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, பாலத்தில் எதிரெதிரே வந்த வண்டிகள்போல நின்றுவிட்டது. அவள் நிறுத்தினாள். கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தேன். கோபிக்கவில்லை. நான் பாடிமுடித்து மூச்சு வாங்கி உட்காரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து, அதன்பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் அந்த மதியம் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற அக்டோபர் முதல் ஞாயிறு அறுப்பின் பண்டிகை. நாகர்கோவிலிலிருந்து மிஷனெரி துரை வருகிறார், அக்கம்பக்கத்துச் சபைகளெல்லாம் வாழைக்குலையும் நெற்கதிரும் தூக்கிக்கொண்டு வருகின்றன, கோயில் கொள்ளாத கூட்டம். அந்த ஒரு நாளில் முன்னால் நின்று முதல் அடியை எடுத்துக்கொடுக்கிறவன்தான் இந்தச் சபையின் பாட்டுக்காரன் என்று ஊர் அறியும். முப்பத்தோரு பண்டிகையும் நான்தான் எடுத்துக்கொடுத்தேன். இந்தப் பண்டிகைக்கு முத்துக்கனி நடத்தட்டும் என்று கமிட்டியில் பேச்சு அடிபடுகிறது. வாத்தியாருக்கு ஓய்வு கொடுக்கலாம் என்கிறார்களாம். ஓய்வு நான் எப்போது கேட்டேன். பள்ளிக்கூடத்து வேலையிலிருந்து ஐம்பத்தைந்தில் அனுப்பினார்கள், அது சர்க்கார் சட்டம், வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றுமுதல் எனக்கென்று இருக்கிறது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதையும் எடுத்துக்கொண்டால் திங்கள்முதல் சனிவரை நான் எதற்காக முகம் சவரம் செய்துகொள்வது.

ஆகவே எனக்காக நீர் இரண்டு காரியம் செய்யவேண்டும். ஒன்று, பள்ளிக்கூடத்து விடுமுறை இந்த மாதம் இருபத்துநாலாம் தேதி விடுகிறது. தாயாருக்குச் சுகமில்லை, பிள்ளையை உடனே அனுப்பும் என்று ஒரு கடிதம் எழுதும். என் மைத்துனர் மனைவிக்கு எந்த நோயும் வரவேண்டாம். லேசான தலைவலி போதும். திருவனந்தபுரம்வரை மோட்டார், அங்கிருந்து கொல்லம்வரை ரயில், பிறகு காயலில் படகு. நானே கொல்லம்வரை வந்து பத்திரமாக ஏற்றிவிடுகிறேன். பண்டிகை முடிந்தபின் திரும்பி வந்தால் போதும். இரண்டு, கமிட்டிக்குத் தனியாக ஒரு கடிதம். ஜெப ஆலயத்தில் பிள்ளைகளை நடத்தவிட்டது தப்பாகப் போயிற்று என்றும், இப்போது அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள் என்றும் இரண்டு வரி எழுதும். அது உண்மையல்லவே என்று தயங்குவீர். எலியாகு முதலாளிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, நம் கமிட்டிக்குக் கொச்சிக்கு வழி தெரியாது. யாருக்கும் கெடுதல் இல்லை.

உமக்கும் உம் வீட்டாருக்கும் அன்றன்றைக்கு வேண்டிய ஆகாரமும், பிள்ளைக்குப் படிப்பில் தேர்ச்சியும், மிளகுக்கு நல்ல விலையும், உம் அத்தான்மேல் உமக்குக் கொஞ்சம் இரக்கமும் கர்த்தர் அருள்வாராக. அக்காள் ராஜபாய் உம் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். முத்துக்கனி இந்தக் கடிதம் எழுதுவதை அறியாள்.

இப்படிக்கு,
உம்மை நம்பியிருக்கும் அத்தான்,
யே. யேசுரத்தினம்,
ஓய்வுபெற்ற தலைமை உபாத்தியாயர்,
புன்னைவிளை சபைப் பாட்டுத் தலைவர்.

பின்குறிப்பு: அதே சனிக்கிழமை, மாலை ஆறு மணி. மேலே எழுதியிருப்பதை எதையும் செய்யவேண்டாம். கடிதத்தை உறையில் போடும் முன் ஒரு தரம் வாசித்துக் காட்டு, பிழை இருந்தால் திருத்தலாம் என்று உம் அக்காளிடம் கொடுத்தேன். எனக்குக் கேட்கவேண்டுமே என்று அவள் வாசித்த வாசிப்பு அடுக்களையில் இருந்த முத்துக்கனிக்கும் கேட்டது, அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும். தாயாருடைய தலைவலி வந்த இடத்தில் பிள்ளை வெளியே வந்து என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். வாயை என் காதருகே கொண்டுவந்து சொன்னாள்:

“மாமா, நீங்க தப்பாத்தான் பாடுதிய. ரெண்டு வருசமாத் தப்பு. நீங்க எடுத்துக் குடுக்கதையே சொல்லணும்லா, அதனால சபை முழுக்க ஒங்கக்கூடச் சேந்து தப்பாப் பாடுது. ஒருத்தருக்கும் ஒங்க மொகத்தப் பாத்துச் சொல்ல மனசு வரல்ல.”

எந்தப் பாட்டு என்று கேட்டேன். பல பாட்டு என்றாள். முக்கியமானதைச் சொல் என்றேன். கல்யாணப் பாட்டை அடக்க ஆராதனை மெட்டில் எடுத்துக்கொடுக்கிறேனாம். இரண்டு வருஷத்தில் புன்னைவிளையில் நடந்த ஏழு கல்யாணத்தையும் கல்லறைக்குப் போகிற மெட்டில் நடத்தி வைத்திருக்கிறேன். டீக்கன் சத்தியநேசன் மகள் கல்யாணத்தில் இரண்டு வீட்டாரும் கண்ணைத் துடைத்தது எனக்கு நன்றாக ஓர்மை இருக்கிறது. என் குரல்தான் என்று நினைத்தேன். அந்த டீக்கன் அன்றும் கண்ணை மூடிக்கொண்டு அதே மெட்டில் என்னோடு பாடினார். இன்றுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்படிப்பட்டவரைப் பற்றியா மேலே அப்படி எழுதினேன் என்று இருக்கிறது. அந்த வரிகளை இனி அடித்துத் திருத்தவும் முடியவில்லை, எழுதினது எழுதினதுதான்.

அதோடு நிற்கவில்லை. உம் அக்காள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு மீதியையும் சொன்னாள். யாரும் சொல்லத் துணியாதபடியால், ஐயரோடு கலந்து பேசி, மே மாதம் அவள்தான் உமக்கு எழுதினாளாம். நீர் பார்த்தது அத்தனையும் மெய்தான் என்றாலும் எழுதச் சொன்னது அவளாம். முதல் பக்கத்தில் அத்தானுக்குப் பிடித்ததாக எழுது, அதற்காகவே கமிட்டிக்குக் கொண்டுபோவார், இரண்டாம் பக்கத்தை ஐயர் பார்த்துக்கொள்வார் என்று யோசனை சொன்னதும் அவளாம். முப்பத்துநாலு வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தினவள் என்னை எவ்வளவு நன்றாக வாசித்து வைத்திருக்கிறாள் பாரும். நீரும் ஒன்றும் அறியாதவர்போல மாதாமாதம் பாட்டு எப்படிப் போகிறது அத்தான் என்று கேட்டு எழுதினீர். உம்மைப் பண்டிகைக்கு வரும்போது தனியாகக் கவனித்துக்கொள்கிறேன்.

கோபம் இருந்தது, வெட்கம் அதைவிட அதிகம் இருந்தது. பிறகு பிள்ளை என் கையைப் பிடித்துக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். எலிசா ஆர்மோனியம் வாசித்தான். என் உள்ளங்கையைப் பெட்டியின் பலகைமேல் வைத்துக்கொள்ளச் சொன்னாள். சத்தம் காதுக்கு வராவிட்டாலும் கைக்கு வருகிறது. கல்யாணப் பாட்டை எடுத்துக்கொடுத்தேன். தப்பு என்றாள். மறுபடி எடுத்தேன். தப்பு என்றாள். மூன்றாம் தரம் எலிசாவும் சேர்ந்து தப்பு மாமா என்று கத்தினான். நாலாம் தரம் இருவரும் ஒன்றும் சொல்லவில்லை. என் வயதில் ஒருவன் இரண்டு பிள்ளைகள் முன்னால் நின்று இப்படி அழுவான் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆகவே பிள்ளையைக் கூப்பிடவேண்டாம், கூப்பிட்டாலும் அனுப்பமாட்டேன். பண்டிகைப் பாட்டை அவள்தான் நடத்துகிறாள். ஒரே ஒரு பாட்டை மட்டும் மாமா எடுத்துக்கொடுக்கட்டும் என்று அவளே ஐயரிடம் கேட்டிருக்கிறாள். உம் முதலாளியின் அக்காள் மகன் முக்காலியில் நின்றதுபோல நானும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறேன். தவறினால் நாலு பக்கத்திலிருந்தும் சத்தமாகத் திருத்தவேண்டும் என்று நாளை ஆராதனையில் நானே எழுந்து சபையைக் கேட்டுக்கொள்வேன். பதினோரு பக்கம் எழுதிவிட்டதால் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். நீர் கட்டாயம் பண்டிகைக்கு வாரும். நான் தப்பாகப் பாடினால் அன்று நான் ஒருவன்தான் தப்பாகப் பாடுவேன். நூற்றைம்பது பேர் எனக்குத் துணை வரமாட்டார்கள்.